தையல் டீச்சரின் அப்பா

எந்த முகத்தைப் பார்த்தாலும் அது யாருடைய முகம் என்று சொல்லிவிடுவார். சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. எங்கள் தையல் டீச்சரைப் பற்றி முதலில் சொல்லவேண்டியது இதுதான்.

பாறசாலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் டீச்சராக வேலைக்குச் சேர்ந்த வாரம், ரவிக்கைக்கு அளவு கொடுக்க அவரிடம் போனேன். என்னை அவருக்குத் தெரியாது. நாடாவைத் தோளில் வைத்தவர் எடுக்காமல் நின்றார்.

"இடத்தோளு ஒரு பொடி எறங்கிக் கெடக்கு. நெய்யாற்றின்கரை கச்சேரியில ஒரு குமாஸ்தாப் பிள்ளை இருந்தாரு. நடக்கும்போ இந்தப் பக்கம் சாஞ்சாக்கும் நடப்பாரு. நீ அவருக்க மகளா?"

ஆமாம் என்றேன். கொல்லயிலில் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அப்படியொரு சாய்வு உண்டு என்பதையே அன்று சாயங்காலம்தான் நான் கவனித்தேன்.

"பெண்பிள்ளைக்கு அப்பன் சாயல் வாறது பாக்கியம் மக்கா" என்றார் டீச்சர். வாயில் இரண்டு குண்டூசி இருந்தது.

அவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினாலும் முடியின் செம்பட்டை மறையாது. கண் சாம்பல் நிறம். வெயிலில் நிற்கும்போது அது இன்னும் வெளுத்து, கூசும்படி இருக்கும். 'பூனைக்கண்ணி' என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். ஊருக்கே தெரிந்த கதைதான். கள்ளிக்காட்டுக்கு மேலே மலையில் தோட்டம் வைத்திருந்த அயர்லாந்துக்கார துரைக்கும் அங்கே வேலைக்குப் போன பெண்ணுக்கும் பிறந்தவர் டீச்சர். பிறந்து மூன்று மாதம் ஆகும் முன்பே துரை காய்ச்சலில் இறந்துபோனதாகச் சொல்வார்கள். அம்மாவும் மகளும் சர்ச்சுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள்.

சாயல் பார்த்துச் சொல்வது எப்போதும் நல்லதாக முடியவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண். அம்மா ஊரில் ஒரு பெரிய வீட்டில் நெல் குத்தப் போகிறவள். பாவாடைக்கு ஓரம் அடிக்கக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர், அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தடவி, "இந்தச் சுழி அந்த வீட்டு மொதலாளிக்கு உள்ளதாக்கும்" என்று சொல்லிவிட்டார். வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. கண்டார், சொன்னார். மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. டீச்சர் ஒரு கவுன் தைத்து எடுத்துக்கொண்டு அவர்கள் குடிசைக்குப் போனார். பிள்ளையின் அம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்துகொண்டே, "எனக்க பிள்ளைக்கு ஒரு அப்பன் உண்டு. அவன் வேலைக்குப் போயிருக்கான். நீங்க போங்க" என்றாளாம்.

கவுனை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டாஃப் அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் டீச்சர்.

"சொல்லாம இருந்திருக்கலாமே" என்றேன்.

"கண்டா வாயில வந்து நிக்குவு மக்கா. விழுங்கத் தெரியல்ல."

அது திருவிதாங்கூரில் இருந்த தமிழர் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று எங்கள் பக்கத்தில் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலம். யாரைப் பார்த்தாலும் நீ தமிழா மலையாளமா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா தமிழ்ப் பஞ்சாங்கம் பார்த்து நாள் சொல்வாள். அப்பா மலையாளப் பத்திரிகை வாசித்து அதற்குத் தமிழில் கோபப்படுவார். நாங்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. திடீரென்று எல்லாரும் ஏதாவது ஒன்றாக இருக்கவேண்டி வந்தது. கடையடைப்பு, ஊர்வலம், தடியடி. தெற்கே போலீஸின் துப்பாக்கி வெடிவைப்பு நடந்து பிள்ளைகள் செத்துப்போனார்கள்.

அந்த நாட்களில் ஒரு காலை, தன் அம்மாவின் கண்ணைக் காட்ட டீச்சர் நெய்யாற்றின்கரை ஆசுபத்திரிக்குப் போயிருந்தார். வராந்தாவில் ஒரு பையன் கிடந்தான். ஊர்வலத்தில் அடிபட்டு வந்தவன். முகம் முழுக்கக் கட்டு, பேச்சில்லை. பார்க்க வருகிறவர்களின் பேரையெல்லாம் போலீஸ் எழுதிக்கொண்டு போகிறதென்று ஒரு வதந்தி. அதனால் யாரும் தேடி வரவில்லை. போர்வைக்கு வெளியே கால் மட்டும் தெரிந்தது. இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீண்டு, உள்பக்கம் வளைந்திருந்தது.

பாறசாலைச் சந்தைக்கு ஆரியங்கோட்டிலிருந்து ஒரு பெண் கருப்பட்டி கொண்டுவருவாள். செருப்பில்லாத கால். டீச்சர் அந்தக் காலைப் பார்த்திருந்தார்.

அடுத்து நடந்ததை டீச்சரின் அம்மாதான் எனக்குச் சொன்னார். "என்னெ பெஞ்சில இருத்திட்டு, இப்பம் வாறேன்னு போனவளாக்கும். வைகுந்நேரம் வெளக்கு வச்சப்பம் அந்தக் கருப்பட்டிக்காரியெ இழுத்திட்டு வாறா. எனக்கு ஒரு தொட்டு வெள்ளம் தர ஆளில்ல."

அந்தத் தாய் வந்து காலைத் தொட்டதும் பையன் விரலை அசைத்தான். இரண்டு நாள் இருந்தான். சாகும்போது அவன் கால் தாயின் மடியில் இருந்தது.

பிறகு சந்தை நாளெல்லாம் அந்தப் பெண் ஒரு கருப்பட்டித் துண்டைக் கொண்டுவந்து, எங்கள் பள்ளிக்கூட வாசலில் டீச்சரின் கையில் வைத்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்று சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"வாங்கிக்கிடணும் மக்கா. அவ அறிஞ்சாளே, அது போரும். இல்லேங்கி இப்பமும் வாசல்ல நிண்ணு வழி பாத்திட்டிருப்பா. செத்தது அறியியதில ஒரு சமாதானம் உண்டு. அறியாம இருக்கியதாக்கும் நரகம்."

அறியாமல் இருப்பது என்னவென்று அவருக்கு வீட்டிலேயே தெரியும். அவருடைய அம்மா எப்போதும் வெள்ளைச் சேலைதான் கட்டுவார். பேறுகாலத்துக்காக மலையிலிருந்து இறங்கி வந்தவர் அவர். பிள்ளை பிறந்து தொண்ணூறு நாள் கழிவதற்குள் தோட்டத்துக் கங்காணி வந்து, துரை மலைக்காய்ச்சலில் போய்விட்டார், தோட்டத்துக் கல்லறையில் அடக்கியாயிற்று, இனி மேலே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று கட்டியது வெள்ளை. ஒருதடவை யாருக்கும் சொல்லாமல் கைக்குழந்தையோடு மேலே ஏறிப் போயிருக்கிறார். பங்களாவில் வேறொரு துரை இருந்தான். கல்லறைத் தோட்டத்தில் பத்துப் பதினைந்து குழிகள். சிலவற்றுக்குப் பேர் உண்டு, சிலவற்றுக்கு வெறும் கல். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கேட்டவர்கள் யாரும் சொல்லவில்லை. திரும்பி இறங்கிவிட்டார்.

எனக்குத் தெரிந்த காலத்தில் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. ஒரே ஒரு ஆசை. செத்தால் துரையின் பக்கத்தில் போடவேண்டும்.

"எனக்கு வேறொண்ணும் வேண்டாம் பிள்ளே" என்று என்னிடமே சொல்வார். "எங்கெ கெடக்காருண்ணு மட்டும் இவ கண்டுபிடிச்சுத் தரணும்."

டீச்சர் தேடாத இடமில்லை. தோட்டம் பலர் கை மாறியிருந்தது. பழைய காகிதம் ஒன்றுமில்லை என்றார்கள். சர்ச்சிலும் எழுத்தில்லை. கடைசியில் ஓய்வுபெற்ற ஒரு பாதிரியார் வழி சொன்னார். வெள்ளைக்காரர்களுக்குள் ஒரு சகோதர சங்கம் உண்டு. அதில் சேர்ந்தவன் எந்த மூலையில் செத்தாலும் அவர்கள் எழுதி வைப்பார்கள், எங்கே புதைத்தது என்றும் தெரிந்திருக்கும் என்றார். அதைக் கேட்டதும் டீச்சரின் அம்மா தலையை ஆட்டினார். துரை மாதம் ஒருமுறை குதிரையில் திருவனந்தபுரம் போவாராம், தலைவெட்டிக் கோயிலுக்கு. அந்தச் சங்கத்துக் கட்டடத்துக்கு நம் ஆட்கள் வைத்திருந்த பேர் அது. கதவை அடைத்துக்கொண்டு உள்ளே தலை வெட்டிப் பூசை செய்வார்கள் என்று பயம்.

"போயிட்டு வாறது வரைக்கும் எனக்கு உறக்கம் வராது. தலையோட வந்து நிப்பாரு. என்னெப் பாத்துச் சிரிப்பாரு."

டீச்சருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். சங்கத்துக்கு நான்தான் அவருக்காக எழுதினேன். சில மாதம் கழித்து, நேரில் வந்தால் பழைய புத்தகங்களைப் பார்த்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. எங்கள் அப்பா, "தலைவெட்டிக் கோயிலுக்கா போறே?" என்று கேட்டுவிட்டுக் குடையை எடுத்துத் தந்தார்.

வழியில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ்காரர்கள் ஏறினார்கள். ஒருவன் டீச்சரின் கண்ணைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தான். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டான். "தமிழோ மலையாளமோ?"

"தையல் சொல்லிக் குடுக்கேன் சாரே" என்றார் டீச்சர். அவன் சிரித்துவிட்டு இறங்கிப் போனான்.

தலைவெட்டிக் கோயில் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம். உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை. சங்கத்துக் காரியதரிசி ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரர், வயதானவர். நல்ல மலையாளம் பேசினார். எங்களை உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து பேரைக் கண்டுபிடித்தார். அயர்லாந்தில் இன்ன ஊர், தோட்டக்காரர், இன்ன வருஷம் சேர்ந்தார். விரலைக் கீழே நகர்த்தியவர் நின்றார். என்னைப் பார்த்தார். நானும் வாசித்துவிட்டேன்.

"அடக்கின எடம் இருக்கா சாரே?" என்றார் டீச்சர்.

"அவர் இங்கே சாகவில்லை அம்மா" என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார் அவர். "நல்ல பேரோடு விலகி, கப்பலேறி ஊருக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து வருஷா வருஷம் சந்தா அனுப்பியிருக்கிறார், பதினைந்து வருஷத்துக்குமேல். பிறகு அவர் இறந்துபோனதாக அவருடைய மனைவி எழுதியிருக்கிறார். இங்கே எல்லாரும் எழுந்து நின்று ஜெபம் செய்ததாகக் குறிப்பு உண்டு."

டீச்சர் டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். காரியதரிசிக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை போலும். எழுந்து போய் ஒரு சட்டம் போட்ட படத்தைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துச் சங்கத்தார் வரிசையாக நின்று எடுத்துக்கொண்டது. எல்லாரும் ஒரே மாதிரி கறுப்புக் கோட்டு, ஒரே மாதிரி மீசை. கீழே எழுதியிருந்த பேர்களைப் பார்க்க அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இது" என்றார் டீச்சர்.

பின்வரிசையில் ஓரத்தில் நின்ற மனிதர். காரியதரிசி பேரைச் சரிபார்த்துத் தலையசைத்தார். அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. மீசையை எடுத்துவிட்டால் அது எங்கள் தையல் டீச்சர்.

அத்தனை பேரில் துரை ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் படத்தைத் தொடாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரில் உள்ளவர்களின் தோளையும் காதையும் கால்விரலையும் இன்னாருடையது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், தன் தாடை எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அயர்லாந்து விலாசம் இருக்கிறது, வேண்டுமானால் குடும்பத்துக்கு எழுதலாம் என்றார் காரியதரிசி.

"வேண்டாம் சாரே. அங்கெ உள்ளவ அழுது தீத்திருப்பா. இனி எதுக்கு."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். நெய்யாற்றின்கரை தாண்டியபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்க அம்மை கட்டினது உயிரோட உள்ளவனுக்க வெள்ளையாக்கும் மக்கா. அவரு அங்கெ இருந்து மீன் தின்னு, பிள்ளை கொஞ்சி, சந்தா அனுப்பியிட்டு இருந்திருக்காரு. சங்கத்துக்கு அனுப்பத் தெரிஞ்சுது."

"அம்மாகிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

அவர் மீண்டும் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவரால் பொய் சொல்ல முடியாது என்றுதான் நான் நினைத்தேன்.

வீட்டில் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும், "எழுதியிருக்கா? எங்கெ கெடக்காரு?" என்றார்.

டீச்சர் செருப்பைக் கழற்றினார். குடையைச் சுவரில் சாத்தினார்.

"எழுதியிருக்கு அம்மே. பங்களாவுக்குக் கெழக்கே, பலாவுக்க மூட்டில, ரெண்டாவது கல்லு."

அம்மா எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி, அந்தக் கல்லறைத் தோட்டம் முழுக்க டீச்சருக்குப் பாடம். அதிலிருந்தே ஒரு கல்லை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கிழவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"பேரில்லாத்த கல்லு. அறியும். அண்ணைக்கு ஏறிப்போன களைப்பில நான் அதுலயாக்கும் இருந்தது. உனக்கு அதுல இருந்துதான் பால் தந்தேன். அறியாம அவருக்க மேல இருந்திருக்கேனே." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "நீ வந்தது அவரு கண்டிருப்பாரு. உன்னெ அவரு கண்டாரு மோளே."

டீச்சர் அடுக்களைக்குள் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அடுப்பு பற்றவைக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் அவர் யாருக்கும் சாயல் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையைக் கூட்டிவந்த தாய், "டீச்சர் பாத்துச் சொல்லுங்க, இவ யாரெப்போல?" என்று ஆசையாகக் கேட்டபோது, "நல்ல பிள்ளையாட்டு இருக்கா" என்று மட்டும் சொல்லி நாடாவைச் சுருட்டினார்.

அம்மா அடுத்த மழைக்காலத்தில் இறந்துபோனார். கடைசி மாதங்களில் சந்தோஷமாகத்தான் இருந்தார். அவர் இறந்த வாரம் ஊரில் தடையுத்தரவு; நாலு பேருக்குமேல் கூடக்கூடாது. வீட்டு வாசலில் எத்தனையோ பேர் வந்து வந்து போனாலும், மலைக்குப் போனது டீச்சரும் நானும் உபதேசியாரும் வண்டிக்காரரும்தான். ஆரியங்கோட்டுக்கு இப்பால் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். புதருக்குள்ளிருந்து கிளர்ச்சிக்காரப் பையன்கள் சிலர் வந்தார்கள். ஒருவன் வண்டிக்குள் எட்டிப்பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "எலே, பிடிங்கலே" என்றான். மரத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். யார், எந்த ஊர், எந்தப் பாஷை என்று அன்று எங்களை யாரும் கேட்கவில்லை.

பலாமரம் இருந்தது. இரண்டாவது கல்லும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் குழி வெட்டினோம். அடியில் கிடப்பவர் யாரோ; காய்ச்சலில் செத்த ஒரு கணக்கப்பிள்ளையோ, வேறு ஏதாவது துரையோ. உபதேசியார் ஜெபத்தில் "தன் புருஷனுக்கு அருகில்" என்று சொன்னபோது டீச்சர் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு மாநிலங்கள் பிரிந்தன. விளவங்கோடு வரைக்கும் அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நாங்கள் இந்தப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டோம். கொல்லயிலில் எங்கள் அப்பா ஒருநாள் முழுக்க மலையாளப் பத்திரிகையைப் பிரிக்காமலே வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

கள்ளிக்காட்டுக்கு மேலே கட்டிக்கொண்டிருந்த அணையும் முடியும் நிலைக்கு வந்தது. தண்ணீர் நிற்கத் தொடங்கினால் பழைய தோட்டத்தின் கீழ்ப்பகுதி மூழ்கும், கல்லறையும் போகும், சொந்தக்காரர்கள் வேண்டுமானால் எலும்பை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். டீச்சர் என்னையும் கூப்பிட்டார். இரண்டு பேரும் போனோம்.

வேலையாட்கள் அம்மாவின் குழியைத் தோண்டி முடித்தார்கள். டீச்சர் மல்லுத்துணியில் தைத்த பையை எடுத்து விரித்தார். ஒன்று என்று நினைத்திருந்தேன். உள்ளே இன்னொன்று இருந்தது.

"இதையும் எடுக்கணும்" என்று பக்கத்துக் கல்லைக் காட்டினார்.

காகிதமும் பேனாவுமாக நின்ற மேஸ்திரி கல்லைச் சுற்றிப் பார்த்தார். "இதில பேரொண்ணும் இல்லல்லோ. இது ஆரா?"

"அச்சன்" என்றார் டீச்சர்.

அப்பாவின் பேரைக் கேட்டார் மேஸ்திரி. அந்த அயர்லாந்துக்காரரின் பேரை, மூன்று சொல்லையும், ஒரு எழுத்துப் பிசகாமல் டீச்சர் சொன்னார். மேஸ்திரி எழுதிக்கொண்டார்.

கீழே இறங்கிவரும்போது இரண்டு பையையும் அவரே தூக்கி வந்தார். ஒன்றை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். தரவில்லை. ஆற்றங்கரையில் மூச்சு வாங்க நின்றபோதுதான் கேட்டேன்.

"டீச்சர், அது யாரோ ஒருத்தர் இல்லையா?"

அவர் பைகளைக் கீழே வைக்காமல், பாறைமேல் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரோ தான் மக்கா. ஆனா அம்மைக்க பக்கத்தில இத்தன நாளு கெடந்தது அந்த யாரோ அல்லவா. வெள்ளத்தில அவரெ மட்டும் விட்டிட்டு வரச் சொல்லுகியா?"

பாறசாலை சர்ச்சுத் தோட்டத்தில் இரண்டையும் ஒரே குழியில் வைத்தோம்.